முதலில் சமதரை, பிறகு ஒயில்

மாத்தளைப் பக்கம் காருக்கு ஒயில் மாற்றுவதில் முதல் சிரமம், சமதரை கிடைப்பதுதான். ரத்தோட்டை, உக்குவளை வீடுகள் பலவற்றில் முற்றமே சரிவு. சரிவில் நிற்கும் காரின் ஒயில் சம்ப்பில் ஒரு பக்கமாக ஒதுங்கும். டிப்ஸ்டிக் கூட்டியோ குறைத்தோ காட்டும். குறைவென்று நம்பி மேலும் ஊற்றினால், சுழலும் கிராங்க் தண்டு மிகையான ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஒயில் உலோகத்தைக் காக்காது. சரிவில் ஜாக் அடித்துக் காருக்கு அடியில் போவதோ உயிரோடு விளையாட்டு.

உராய்வைக் குறைப்பது ஒயிலின் பாதி வேலைதான். அது பிஸ்டனின் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். கரியை மிதக்கவைத்துச் சுமக்கும். ஆகவே கறுத்த ஒயிலெல்லாம் கெட்ட ஒயில் அல்ல. பால் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால்தான் பயப்பட வேண்டும்: தண்ணீர் கலந்திருக்கிறது.

அடுத்த மாற்றம் ஐயாயிரம் கிலோமீற்றரில் என்று சேர்விஸ் ஸ்டேஷனில் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். பலகடுவ ஏற்றத்திலும் ரிவர்ஸ்டன் பாதையிலும் சின்ன கியரில் முனகி ஏறும் எஞ்சினுக்கு அந்தக் கணக்கு சற்றுத் தாராளமானது. கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் காருக்கும் அப்படியே. எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போவதில்லை. இலங்கையில் 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே கையிலிருக்கும் பழைய காரை அந்தக் கணக்குக்கு முந்தியே கவனிப்பது நட்டமில்லை.

டப்பாவில் 5டபிள்யூ-30 என்றிருந்தால், முதல் எண் குளிரில் ஓடும் தன்மை, இரண்டாவது 100 பாகை செல்சியஸில் உள்ள தடிப்பு. மாத்தளைக்கு ஏது உறைபனி என்று முதல் எண்ணை அலட்சியம் செய்யலாமா? காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒயில் மேலே ஏறும் வேகம் அதைப் பொறுத்தது. ஹைபிரிட் காருக்கு 0டபிள்யூ-20 என்று கைநூல் சொன்னால், "மெல்லிசு" என்று தடித்ததை ஊற்றும் ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன்.

மாற்றும் வேலை சுருக்கமானது. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் நன்றாக வடியும். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். சம்ப் நட்டைக் கழற்றி வடித்தபின் புது வொஷர் போட்டுப் பூட்டுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றி, புது ஃபில்டரின் றப்பர் வளையத்தில் ஒயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். கைநூல் சொன்ன அளவு ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கசிவு பார்த்து, நிறுத்திச் சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கை மறுபடி பாருங்கள்.

பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். சுது கங்கை வழியே அம்பன் கங்கைக்கும், அங்கிருந்து மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்கும் அது போகும். கறையானுக்காக வேலிக்கம்பில் பூசுவதும் வேண்டாம். தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் அதில் உண்டு. பழைய ஒயிலை, காலியான புது ஒயில் டப்பாவிலேயே அடைத்து, பழைய ஒயில் சேகரிக்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள்.