ஈச்சந்தூறு

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் உழைக்க வட ஆற்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குச் சிற்றீச்சம் புதியதன்று. அவர்கள் விட்டுவந்த ஊர்களின் கரடுகளிலும் கரம்புகளிலும் அது வளர்கிறது. கள்ளுக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்ற பெரிய ஈச்சமரம் வேறு. அது ஒற்றை அடிமரமாக உயர்வது. சிற்றீச்சமோ அடித்தூறிலிருந்து பக்கக்கன்றுகளை விட்டுப் புதராய்ப் பெருகுவது.

ஆண், பெண் செடிகள் தனித்தனி, பெண்செடியே காய்க்கும். செங்காய்க் குலையை வெட்டி, உப்புநீர் தெளித்து, வைக்கோலில் மூடிவைத்தால் பழம் கறுத்து இனிக்கும். சதை சொற்பம், கொட்டையே பெரிது. ஆயினும் கடையில் வாங்கும் பேரீச்சையைவிட அதையே விரும்புவோர் எங்களுள் உண்டு. வெண்குருத்தும் உண்ணத்தக்கது. தண்டின் உட்சோற்றை உலர்த்தி இடித்துச் சலித்தால் மாவு கிடைக்கும். 1790 முதல் 1792 வரை கிழக்குக் கடற்கரைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது ஏழைகள் அந்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்து உயிர் பிழைத்ததைத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ பதிவு செய்துள்ளார்.

குருத்தைப் பறித்தால் அந்தத் தண்டு பட்டுப்போகும். அதற்கு வளர்நுனி ஒன்றே. தூறில் ஏனைய தண்டுகள் இருப்பதால் புதர் தப்பிக்கும். எங்கள் தொழில்மொழியில் சொல்வதானால், ஓலையும் பழமும் வட்டி. குருத்தும் மாவும் முதல். பஞ்ச காலத்தில் முதலில் கைவைத்தவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை.

ஓலையில் பாய், கூடை, துடைப்பம் செய்வோர் இன்றும் உள்ளனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். அவ்வாறு செல்ல இயலாத வீட்டுப் பெண்களுக்கு முடைதொழில் ஒரு வழியே. அடமானம் வைக்க ஒன்றுமில்லையே என்று கருதி, வங்கி வாசலையே மிதியாமல் தண்டல்காரரிடம் செல்வதுதான் எங்களுக்கு வருத்தம் தருவது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் கூடை, பாய், துடைப்பம் செய்தலும் அடங்கும். அடிப்படைப் பயிற்சி பெற்றபின், பிணையின்றி, 5 விழுக்காடு வட்டியில் முதல் தவணையாக ரூ.1 லட்சம் வரை கடன் கிடைக்கும்; திருப்பிச் செலுத்த 18 மாதங்கள். ஒழுங்காகச் செலுத்துவோர் அடுத்து ரூ.2 லட்சம் வரை பெறலாம். குடும்பத்தில் ஒருவருக்கே இவ்வாய்ப்பு. பொதுச் சேவை மையத்தில் ஆதார் அட்டையுடன் பதிவு செய்ய வேண்டும். காப்புக்காட்டில் ஓலை அறுக்க வனத்துறையின் அனுமதியை முன்னதாகவே பெற்றுக்கொள்க.