இருதயத்துக்கு வைட்டமின் மாத்திரை வேண்டுமா?

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வைட்டமின் புட்டி இருக்கிறதா? "ரத்தக் குழாய்க்கு ரொம்ப நல்லதாம்!" என்று அடுத்த வீட்டு மாமி சொன்னதைக் கேட்டு, உங்கள் கணவருக்கு நாள் தவறாமல் கொடுத்து வருகிறீர்களா? அப்படியானால் மேலே படியுங்கள்.

வைட்டமினுக்குச் சக்தியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மதுரை அரவிந்த் மருத்துவர்கள் திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கு மேற்பட்ட சிறு குழந்தைகளிடையே ஒரு சோதனை நடத்தி, 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ' பெற்ற குழந்தைகளிடையே மரணம் பாதிக்கு மேல் குறைந்தது! அந்தக் குழந்தைகளின் உடம்பில் அந்தச் சத்து குறைவாக இருந்தது. இல்லாததைக் கொடுத்தார்கள், பலித்தது.

அதே அரவிந்த் கண் மருத்துவமனை பங்கு கொண்ட இன்னொரு சோதனையின் முடிவு 2006-ல் வந்தது. ஐந்து கிராமங்களில் 798 பேர் ஐந்து ஆண்டுச் சோதனையில் சேர்ந்தார்கள். பீட்டா கரோட்டின், வைட்டமின் 'ஸி', 'ஈ' மூன்றும் கலந்த மாத்திரை ஒரு பாதிப் பேருக்கு. வெற்று மாத்திரை மறு பாதிக்கு. கண்ணில் புரை வளர்வது இரு சாராருக்கும் ஒன்று போலவே இருந்தது!

இருதயத்தின் கதையும் இதுதான். ரத்தக் குழாயின் உட்சுவரில் படியும் கொழுப்பு, பிராண வாயுவோடு சேர்ந்து கெடும்போது சுவர் தடிக்கிறது. வைட்டமின் 'ஈ' அதைத் தடுக்கும் என்று நம்பினார்கள். 9,500-க்கு மேற்பட்டோரிடம் நாலரை ஆண்டுகள் பரீட்சித்து, 2000-ல் வெளியான முடிவு: பலனில்லை. 'பி' வைட்டமின்கள் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளைக் குறைத்தன. ஆனால் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2006-ல் தெரிந்தது. 2018-ல் வைட்டமின் 'டி'யும் இருதய விஷயத்தில் தோற்றது. பலனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்கிறீர்களா? 1994-ல் பின்லாந்தில், பீட்டா கரோட்டின் சாப்பிட்ட புகை பிடிப்போரிடையே நுரையீரல் புற்றுநோய் அதிகரித்தது.

ஆகவே, புட்டியை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், டாக்டரைக் கேட்காமல் எந்த வைட்டமினையும் தொடக்கூடாது. கீரையின் அளவையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சுத்த சைவ உணவுக்காரர்களுக்கு 'பி-12' குறைவது உண்டு. ரத்தப் பரிசோதனையில் குறைவென்று தெரிந்தால் அவசியம் சாப்பிட வேண்டியதுதான்.

மற்றபடி, இருதயத்தின் காவல் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம். முருங்கைக் கீரையும் பயறும் அடிக்கடி இலையில் விழட்டும். சாயங்காலம் அவரையும் அழைத்துக் கொண்டு மாசி வீதிகளை ஒரு சுற்று நடந்து வாருங்கள். மாத்திரைக்குக் கொடுக்கும் காசில் நாலு கொய்யாப் பழம் வாங்கலாம், அல்லவா?