குளிரைக் கேட்கும் கிழங்கு

மண்ணும் பருவமும் – 12

டொரன்டோ, ஒட்டாவா பக்கத்துத் தமிழர் வீடுகளில் அக்டோபர் மாதம் இரண்டு வேலைகள் நடக்கும். கோடை முழுக்க வெளியே நின்ற கறிவேப்பிலைத் தொட்டி வீட்டுக்குள் வந்து சன்னலோரம் இடம்பிடிக்கும். டியூலிப் கிழங்குகள் வெளியே போய் மண்ணுக்குள் இறங்கும். கறிவேப்பிலை குளிர் பட்டால் பிழைக்காது. டியூலிப் குளிர் படாவிட்டால் பூக்காது.

உறைபனிக்கு அஞ்சும் செடிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். உறைபனியை நம்பி வாழும் செடிகளின் கதை இந்த வாரம்.

கோடையில் உருவாகும் மொட்டு

டியூலிப்பின் பூர்வீகம் ஹாலந்து அல்ல, மத்திய ஆசியாவின் மலைப்பகுதிகள். தியான்ஷான் மலைத்தொடரில் இன்றும் பல காட்டினங்கள் பூக்கின்றன. அங்கே குளிர்காலம் கடுமையானது, கோடை வறண்டது. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில வாரங்களில் முளைத்து, பூத்து, விதைத்து முடித்துவிட வேண்டும். மற்ற மாதங்களைக் கழிக்கத்தான் அதற்குக் கிழங்கு. வெங்காயம்போல அடுக்கடுக்கான அந்தச் சதைக்குள் அடுத்த ஆண்டுக்கான உணவு இருக்கிறது.

கோடையில் அது சும்மா உறங்குவதாகத் தோன்றும். உண்மையில் அடுத்த ஆண்டின் பூமொட்டு உள்ளே உருவாவது அப்போதுதான். இலையுதிர் காலத்தில் கடையில் கிடைக்கும் நல்ல கிழங்கை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் நடுவில் அந்தக் குட்டி மொட்டைக் காணலாம்.

மொட்டு தயார். ஆனால் காம்பு நீள்வதற்குக் குளிர் வேண்டும். ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 12 முதல் 16 வாரங்கள் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் கிழங்கின் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது. வளர்ச்சிக்கு உணவும் அதுதான், உறையாமல் காக்கும் கவசமும் அதுதான். குளிர் போதாவிட்டால் காம்பு குட்டையாகவே நின்றுவிடும், மொட்டு இலைகளுக்கு நடுவிலேயே கருகிவிடும்.

ஆம்ஸ்டர்டாமில் ஆசையாக வாங்கிய கிழங்கைச் சென்னையில் நேரே தொட்டியில் வைத்தால் இலை மட்டுமே வருவதற்குக் காரணம் இதுதான். வெப்பநாட்டில் வளர்ப்பவர்கள் அதை முதலில் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்விக்கிறார்கள். அப்போது ஆப்பிள் போன்ற பழங்கள் அருகில் இருக்கக் கூடாது. பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும்.

முந்திக்கொள்ளும் சிறியவை

ஒட்டாவாவில் டியூலிப் மே மாதத்துப் பூ. அதற்கு முன்பே, பனி முழுதாகக் கரையாதபோதே வருபவை ஸ்னோடிராப், குரோக்கஸ், நீலநிறச் சில்லா. இவற்றின் அவசரத்துக்குக் காரணம் வெளிச்சம். மரங்கள் இலைவிட்டுக் கூரை போடுவதற்குள், தரையில் விழும் வெயிலை வைத்து ஓர் ஆண்டுக்கான உணவைச் சேர்த்துவிட வேண்டும். ஸ்னோடிராப்பின் இலைநுனி தடித்திருப்பதால் உறைந்த மண்ணையும் பனியையும் துளைத்து மேலே வருகிறது. கடும் உறைபனி விழுந்த இரவில் செடி துவண்டு தரையில் படுத்துவிடும். வெயில் ஏறியதும் எழுந்து நிற்கும். முதன்முறை பார்ப்பவர்கள் செடி செத்துவிட்டதென்று பிடுங்கிவிடுவார்கள். தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

நடவு

மண் இறுகி உறைவதற்கு முன் நட்டுவிட வேண்டும். ஒட்டாவா போன்ற ஊரில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நல்ல காலம். கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம் என்பது கணக்கு. டியூலிப்புக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர், குரோக்கஸுக்கு 8 முதல் 10. கூர்முனை மேலே பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகவே ஆகாது. குளிரைத் தாங்கும் கிழங்கு ஈரத்தில் அழுகிவிடும்.

டியூலிப்பும் குரோக்கஸும் அணிலுக்குப் பிடித்த தீனி. நட்ட இடத்தின்மேல் கம்பிவலை விரித்து மண்ணால் மூடிவிடுங்கள். டாஃபடிலில் நச்சு இருப்பதால் அணில் அதைத் தொடாது. அணில் தொல்லை மிகுந்த வீடுகளில் டாஃபடிலையே நம்பலாம்.

சருகு மூடாக்கைப் போட நிலம் உறையும்வரை காத்திருக்க வேண்டும். மூடாக்கு மண்ணைச் சூடாக வைப்பதற்கு அல்ல, குளிரை ஒரே சீராக வைப்பதற்கு. உறைவதும் உருகுவதுமாக மண் மாறி மாறி அசைந்தால் கிழங்கு மேலே தள்ளப்படும், வேர் அறுபடும். இயற்கை போடும் மூடாக்கு பனி. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். அதனால் வெளியே மைனஸ் 25 என்றாலும் தடித்த பனிக்கு அடியில் மண் உறைநிலையை ஒட்டியே நிற்கும். தொட்டிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நான்கு பக்கமும் குளிர் தாக்கும். தொட்டியில் நடுபவர்கள் அதைச் சூடேற்றாத கராஜில் வைப்பது நல்லது.

பூ உதிர்ந்தபின் இலையை வெட்டாதீர்கள். அது தானாக மஞ்சளாக ஆறு வாரம்போல் ஆகும். அடுத்த ஆண்டின் பூ அந்த இலையில்தான் இருக்கிறது.

ஒரு லட்சம் கிழங்குகள்

ஒட்டாவாவின் டியூலிப்புகளுக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. 1940-இல் ஜெர்மானியப் படை நெதர்லாந்தைப் பிடித்தபோது இளவரசி ஜூலியானா மகள்களோடு கனடாவில் அடைக்கலம் புகுந்தார். 1943 ஜனவரி 19 அன்று ஒட்டாவா மருத்துவமனையில் அவருக்கு மார்கிரீட் பிறந்தார். குழந்தை டச்சுக் குடியுரிமையை மட்டுமே பெற வேண்டும் என்பதற்காக, பிரசவ அறைகள் கனடாவின் எல்லைக்கு உட்பட்டவை அல்ல என்று கனடா அரசு அறிவித்தது.

1944-45 குளிர்காலத்தில் ஆக்கிரமிப்பில் சிக்கிய மேற்கு நெதர்லாந்து பஞ்சத்தில் வாடியது. மக்கள் டியூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டார்கள். நாட்டை மீட்ட படைகளில் கனடியர்களின் பங்கு பெரிது. 1945-இன் இலையுதிர் காலத்தில் நன்றியாக ஒரு லட்சம் கிழங்குகள் ஒட்டாவா வந்து சேர்ந்தன. முந்தைய குளிர்காலத்தில் பசிக்குக் கிழங்கைத் தின்ற நாடு அனுப்பிய பரிசு அது. அன்பளிப்பு இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. புகைப்படக்காரர் மலாக் கார்ஷ் முன்மொழிய, 1953-இல் டியூலிப் திருவிழா தொடங்கியது. மே மாதம் டவ்ஸ் ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் அதன் அழகை நேரில் காணலாம்.

குளிர்நாட்டுக்குப் புதிதாகக் குடியேறுகிறவர்கள் முதல் குளிர்காலத்தை அச்சத்தோடு எதிர்பார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐந்து மாதம் வீணாகப் போகிறதே என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். செப்டம்பரில் ஒரு பை குரோக்கஸ் கிழங்கு வாங்கி வாசலோரம் நட்டுவையுங்கள். அதன்பிறகு பனி கொட்டும் ஒவ்வொரு வாரமும் உங்கள் கணக்கில் சேரும் வாரம். அந்த வாரங்கள் போதாவிட்டால் பூ வராது.

(தொடரும்)

அடுத்த வாரம்: டாஃபடில் வயல்கள்