அழுத்தத்தை இலக்கமாக்கலும் நியம அழுத்தமும்

தொடர்ச்சியாக மாறும் மின்னழுத்தத்தை இலக்கமாக்கும் மாற்றி எதுவும் அவ்வழுத்தத்தைத் தனித்து அளப்பதில்லை. நியம அழுத்தமொன்றோடு ஒப்பிட்டு, அதன் எத்தனையாவது பங்கென்றே விடை தருகின்றது. நியமம் பிறழின் விடையும் பிறழும். எட்டுத் துவித இலக்கங்களைக் கொண்ட ஏ.டீ.சீ. 0804 மாற்றி பொருத்திய பரிசோதனைப் பலகையொன்றைக் கொண்டு இதனை நோக்குவோம். சில்லு பழையதே, எனினும் புதிய சில்லுகள் பல உள்ளே மறைத்து வைத்திருப்பதை இது வெளியே காட்டுகின்றது.

தடுப்பு மருந்துகள் பல 2 முதல் 8 பாகை செல்சியசு வரையிற் பேணப்படவேண்டியவை. அத்தகைய குளிரூட்டியின் வெப்பநிலையை, பாகைக்கு 10 மில்லிஉவோற்று தரும் எல்.எம். 35 உணரியால் அளப்பதாகக் கொள்வோம். சில்லின் ஒன்பதாம் முனையை இணைக்காது விட்டால் வழங்கல் அழுத்தமே நியமமாகும். 5 உவோற்று 256 படிகளாகப் பிரிய, ஒரு படி 19.5 மில்லிஉவோற்று, அதாவது ஏறத்தாழ 2 பாகை ஆகின்றது. மருந்தைக் காக்கும் எல்லை முழுவதும் மூன்று படிகளுள் அடங்கிவிடும். அன்றியும், வழங்கல் 4.75 உவோற்றுக்குத் தாழின், 30 பாகையில் மாறாதிருக்கும் அறையின் அளவீடு 15ஆம் படியிலிருந்து 16ஆம் படிக்குத் தாவும். அறை சூடேறியதென்றே பார்ப்பவர் எண்ணுவர்.

ஒன்பதாம் முனை, வேண்டிய வீச்சின் அரைப்பங்கை ஏற்பது. அதற்கு 1.28 உவோற்று கொடுப்பின் முழுவீச்சு 2.56 உவோற்று, படி 10 மில்லிஉவோற்று, படியெண்ணே பாகையெண்ணாகும். எல்.எம். 336 தரும் 2.5 உவோற்றை மாறுந்தடையாற் பிரித்து இதனைப் பெறலாம். ஆனால் மாறுந்தடையை நேரே இணைத்தலாகாது. சில்லினுள் இருக்கும் தடைகள் அம்முனையை வழங்கலின் அரைப்பங்கை நோக்கி இழுக்கின்றன. அவற்றின் பெறுமானமோ ஏறத்தாழ ஆயிரம் ஓம் அளவினதே. 10,000 ஓம் மாறுந்தடையில் 1.28 எனச் சரிசெய்த அழுத்தம், இணைத்ததும் உயர்ந்துவிடும். இடையிலே செயற்பாட்டு விரியலாக்கியொன்றை இட்டு, இணைத்தபின்னரே அழுத்தத்தை அளந்து சரிசெய்தல் வேண்டும்.

பெய்ப்பு முனைகள் இரண்டு. மாற்றி அளப்பது அவற்றின் வேறுபாட்டை. மறைப் பெய்ப்பைப் பலகையில் அண்மையிலுள்ள புவியோடு இணைப்பது எளிது, ஆனால் தவறு. காட்டியின் ஓட்டம் அப்புவிக்கம்பியிற் சில மில்லிஉவோற்றை விளைவிக்கும். இங்கே பத்து மில்லிஉவோற்று ஒரு பாகை. எனவே உணரியின் புவிமுனைக்கே தனிக்கம்பி செல்லவேண்டும்.

மறைப் பெய்ப்புக்கு வேறொரு பயனும் உண்டு. 0.5 முதல் 3.5 உவோற்று வரை தரும் உணரியாயின், அம்முனையை 0.5 உவோற்றிலும் ஒன்பதாம் முனையை 1.5 உவோற்றிலும் நிறுத்த, 256 படிகளும் வீணின்றிப் பயன்படும்.