வி-1 பறக்கும் குண்டுகளுக்கு எதிரான பிரித்தானிய வான் பாதுகாப்பு

வி-1 பறக்கும் குண்டுகளுக்கு எதிரான பிரித்தானிய வான் பாதுகாப்பு என்பது, இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஜெர்மனி ஏவிய ஆளில்லாப் பறக்கும் குண்டுகளைத் தடுக்கப் பிரித்தானியா மேற்கொண்ட நடவடிக்கைகளைக் குறிக்கும். இது 1944 ஜூன் முதல் 1945 மார்ச் வரை நீடித்தது. விமானி இன்றிப் பறந்து வரும் ஆயுதங்களைப் பெருமளவில் எதிர்கொண்ட முதலாவது வான் பாதுகாப்பு இதுவாகும்.

வி-1 ஆயுதம்

வி-1 என்பது சிறிய விமானம் போன்ற வடிவுடைய குண்டு ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். வெடிபொருள் முனையின் எடை ஏறத்தாழ 850 கிலோகிராம். மணிக்கு ஏறத்தாழ 640 கிலோமீட்டர் வேகத்தில் தாழ்வாகப் பறந்தது. தானியங்கிக் கருவி இதன் திசையையும் உயரத்தையும் நிலைநிறுத்தியது. மூக்கில் இருந்த சிறு காற்றாடியின் சுழற்சி எண்ணிக்கையைக் கொண்டு தொலைவு கணக்கிடப்பட்டது. குறித்த தொலைவு கடந்ததும் குண்டு கீழ்நோக்கிப் பாயும். அப்போது பெரும்பாலும் எந்திரம் நின்றுவிடும். எனவே இரைச்சல் அடங்குவதே மக்களுக்கு ஆபத்தின் அறிகுறியாயிற்று.

நோர்மண்டித் தரையிறக்கம் நிகழ்ந்து ஒரு வாரத்தின் பின்னர், 1944 ஜூன் 13 அன்று, வடபிரான்சிலிருந்து ஏவப்பட்ட முதல் குண்டுகள் இங்கிலாந்தில் விழுந்தன. ஜூன் 18 அன்று இலண்டனின் காவற்படைத் தேவாலயத்தில் விழுந்த குண்டு 121 பேரைக் கொன்றது. இத்தாக்குதல்கள் காரணமாகப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இலண்டனை விட்டு வெளியேறினர்.

மூன்று பாதுகாப்பு வளையங்கள்

தொடக்கத்தில் பாதுகாப்பு மூன்று அடுக்குகளாக அமைந்தது. கடலின் மேலும் கரையோரத்திலும் போர் விமானங்கள் சுற்றின. உள்நாட்டில் நார்த் டவுன்ஸ் குன்றுகளில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. அவற்றுக்குப் பின்னால், இலண்டனை அடுத்து, உருக்கு வடங்களால் கட்டப்பட்ட தடுப்பு பலூன்கள் மிதந்தன.

இவ்வமைப்பில் குறைகள் இருந்தன. குண்டைத் துரத்தி வரும் விமானங்கள் பீரங்கி எல்லைக்குள் புகுந்ததால் பீரங்கிகள் சுட இயலாமல் போயிற்று. சுட்டு வீழ்த்தப்பட்ட குண்டுகளும் குடியிருப்புகளின் மீது விழுந்து வெடித்தன.

ஜூலை மாற்றம்

1944 ஜூலை நடுப்பகுதியில், தாக்குதல் நடந்து கொண்டிருக்கும்போதே, பீரங்கிகள் அனைத்தையும் தென்கிழக்குக் கடற்கரைக்கு நகர்த்த வான் பாதுகாப்புத் தளபதி ராடெரிக் ஹில் முடிவு செய்தார். பீரங்கிப்படைத் தளபதி பிரெடெரிக் பைல் இதனை ஆதரித்தார். மேலிடத்தின் முன் அனுமதி இன்றி எடுக்கப்பட்ட இம்முடிவு தோல்வியுற்றிருந்தால் பொறுப்பு முழுவதும் ஹில்லையே சாரும். நூற்றுக்கணக்கான பீரங்கிகள் சில நாட்களிலேயே இடம் மாற்றப்பட்டன. விமானங்கள் பீரங்கி வளையத்தின் முன்னும் பின்னும் மட்டுமே செயற்பட்டன.

இதே காலத்தில் மூன்று புதிய கருவிகள் பயன்பாட்டுக்கு வந்தன:

1. இலக்கைத் தானே பின்தொடரும் எஸ்.சி.ஆர்-584 ராடார்.
2. குண்டு அடுத்து எங்கிருக்கும் என்பதைக் கணித்துப் பீரங்கியைத் திருப்பும் மின்கணிப்பி.
3. இலக்கை நெருங்கியதும் வானலைகளால் அதனை உணர்ந்து வெடிக்கும் வெடிதூண்டி.

வி-1 நேர்கோட்டில், மாறா வேகத்தில் பறந்தமையால் கணிப்புக்கு ஏற்ற இலக்காக இருந்தது. வீழ்த்தப்பட்டவற்றுள் பலவும் கடலிலேயே விழுந்தன. ஆகஸ்ட் 28 அன்று வந்த 90-க்கும் மேற்பட்ட குண்டுகளில் 4 மட்டுமே இலண்டனை அடைந்தன.

இரட்டை உளவாளிகள்

குண்டுகள் எங்கே விழுகின்றன என்பதை அறிய ஜெர்மனி தன் உளவாளிகளை நம்பியிருந்தது. ஆனால் அவர்கள் பிரித்தானியாவின் கட்டுப்பாட்டில் இருந்தனர். குண்டுகள் இலக்கைத் தாண்டி விழுவதாக அவர்கள் வழியே பொய்த் தகவல்கள் அனுப்பப்பட்டன. ஜெர்மானியர் தொலைவைக் குறைத்தால் குண்டுகள் நகர மையத்தை எட்டாமல் தெற்கிலேயே விழும் என்பது இதன் நோக்கம். மையத்தைக் காக்கத் தென் இலண்டன் மக்களை ஆபத்துக்கு உட்படுத்துவது முறையாகுமா என்று அமைச்சர் ஹெர்பர்ட் மொரிசன் எதிர்ப்புத் தெரிவித்தார். இத்திட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவரான அறிவியலாளர் ஆர். வி. ஜோன்சின் பெற்றோரும் தென் இலண்டனிலேயே வாழ்ந்தனர்.

விளைவுகள்

பிரித்தானியாவை நோக்கி ஏறத்தாழ 10,500 வி-1 குண்டுகள் ஏவப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 2,400 இலண்டன் பகுதியை அடைந்தன. பீரங்கிகளும் விமானங்களும் தனித்தனியே 1,800-க்கும் மேற்பட்டவற்றை வீழ்த்தின. பலூன்கள் ஏறத்தாழ 230-ஐ வீழ்த்தின. 6,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிரிழந்தனர்.

வி-2 ஏவுகணை

1944 செப்டம்பர் 8 அன்று முதலாவது வி-2 ஏவுகணை இலண்டனின் சிசிக் பகுதியில் விழுந்தது. இது ஒலியை விட வேகமாகப் பாய்ந்ததால் வெடித்த பின்னரே இதன் ஓசை கேட்டது. வி-1 குண்டைத் தடுத்த பீரங்கி, விமானம், பலூன் ஆகிய எதனாலும் இதனைத் தடுக்க இயலவில்லை. 1,000-க்கும் மேற்பட்ட வி-2 ஏவுகணைகள் இங்கிலாந்தில் விழுந்து, ஏறத்தாழ 2,700 பேரைக் கொன்றன. நேச நாட்டுப் படைகள் முன்னேறி, ஏவுதளங்களிலிருந்து ஜெர்மானியர் பின்வாங்க நேர்ந்த பின்னரே, 1945 மார்ச் இறுதியில், இத்தாக்குதல் ஓய்ந்தது.