எலியின் கட்டியில் தொடங்கிய எம்.ஆர்.ஐ.

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று கோழிப்பண்ணைகள் நிறைந்த சமவெளியில், பொரித்த அன்றே குஞ்சுகளுக்கு மேரெக் நோய்த் தடுப்பூசி போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வைரஸால் வரும் அந்நோய், கோழியின் நரம்புகளிலும் உள்ளுறுப்புகளிலும் கட்டிகளை உண்டாக்கும் ஒருவகைப் புற்று என்பது பண்ணைக்கு வெளியே பலருக்கும் தெரியாது. விலங்கின் கட்டியை ஆராய்ந்து மனிதப் புற்றுநோயை அறியும் மரபுக்கு வலுச் சேர்த்ததும் ஒரு கோழிதான்: 1911இல் பெய்டன் ரவுஸ் என்ற அமெரிக்கர், கோழிக் கட்டியை அரைத்து வடிகட்டிய சாறு மற்றொரு கோழியிலும் கட்டியை வரவழைப்பதைக் காட்டினார், அதற்கான நோபல் பரிசு 1966இல்தான் அவரை வந்தடைந்தது. இன்று நகரந்தோறும் காணப்படும் எம்.ஆர்.ஐ. (காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு) ஸ்கேனும் இம்மரபோடு தொடர்புடையது. அதன் பிறப்பில் எலிகளுக்குப் பெரும் பங்குண்டு.

உடலின் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கருவான புரோட்டான், நுண்ணிய காந்தம் போல நடந்துகொள்ளும். வலிய காந்தப்புலத்தில் உடலை வைத்து, குறிப்பிட்ட அலைவெண் கொண்ட ரேடியோ அலையைச் செலுத்தினால், அக்காந்தங்கள் நிலை பிறழ்ந்து, பின்னர் சிறுபொழுதில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அவ்வாறு திரும்ப ஆகும் காலமே 'தளர்வு நேரம்' எனப்படும். நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவராக இருந்த ரேமண்ட் டமேடியன், எலியின் உறுப்புகளையும் கட்டிகளையும் வெட்டியெடுத்து அளந்தபோது, நல்ல ஈரலில் ஏறத்தாழ 0.3 வினாடியாக இருந்த தளர்வு நேரம் ஈரல் புற்றில் 0.8 வினாடிக்கும் மேலாக நீண்டிருப்பதைக் கண்டு, 1971 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்.

அது அளவீடு மட்டுமே, படம் அன்று. அதே ஆண்டு அச்சோதனையை வேறொருவர் எலித் திசுக்களில் திரும்பச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்த வேதியியலாளர் பால் லாட்டர்பர், திசுவை வெட்டாமலே அது உடலில் எங்கே இருக்கிறது என்று அறிய வழியில்லையா என்று எண்ணி, காந்தப்புலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாக மாறச் செய்தால் ஒவ்வோர் இடமும் தனக்குரிய அலைவெண்ணில் பதில் தரும் என்ற விடையைக் கண்டார். 1973இல் முதல் படம் அச்சாயிற்று. 2003இன் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனபோது, டமேடியன் தரப்பு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து முறையிட்டது. தளர்வு நேரம் வீக்கத்திலும் அழற்சியிலும் நீளக்கூடும் என்பதால், அதை மட்டும் கொண்டு புற்றை உறுதிசெய்ய இயலாது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் டமேடியன் எழுப்பிய கேள்வி இல்லாவிட்டால் விடை பிந்தியிருக்கும் என்று கருத இடமுண்டு.

சுண்டெலியின் எடை இருபத்தைந்து கிராம் அளவே என்பதால், மனிதரைப் படமெடுக்கும் 1.5 டெஸ்லா கருவி அதன் கட்டியை நுணுக்கமாகக் காட்டுவதற்குப் பெரும்பாலும் போதாது. (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு.) ஆகவே 4.7, 7, 9.4 டெஸ்லா வலிமையும் குறுகிய துளையும் கொண்ட தனிக் கருவிகள் உருவாயின. தில்லி எய்ம்ஸின் காந்த ஒத்ததிர்வுத் துறையில் 4.7 டெஸ்லா விலங்கு ஸ்கேனர் உண்டு. எலியை மயக்கவாயுவால் உறங்க வைத்து, உடற்சூடு குறையாமல் காத்து, மூச்சின் அசைவு படத்தைக் கலைக்காதபடி மூச்சோடு இசைத்துப் படமெடுக்கிறார்கள். தோலடிக் கட்டியை அளவுகருவியால் வெளியிலிருந்தே அளந்துவிடலாம். மூளையிலோ கணையத்திலோ வளர்வதை அளக்க, முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எலிகளைக் கொன்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கேன் வந்தபின் ஒரே எலியை வாரந்தோறும் பார்க்க முடிவதால், கொல்லப்படும் எலிகளும் குறைந்தன, எலிக்கு எலி வேறுபடுவதால் நேரும் குழப்பமும் குறைந்தது.

மருந்து வேலை செய்கிறதா என்பதை அறியக் கட்டி சுருங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் எலிகளிடமிருந்து கிடைத்த பாடமே. செல்கள் நெருங்கிய இடத்தில் நீர் மூலக்கூறுகள் தடைபட்டு நகரும். செல்கள் மடிந்து இடைவெளி கூடினால் அவை தாராளமாக நகரும். 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூளைக்கட்டி வைக்கப்பட்ட எலிகளுக்கு மருந்து கொடுத்து இந்நகர்வை அளந்து, கட்டியின் உருவம் குறையும் முன்பே மாறுதல் தெரிவதைக் காட்டினர்.

கட்டியில் ஆக்சிஜன் குறைந்த பகுதிகள் கதிரியக்கச் சிகிச்சைக்கு எளிதில் அடங்குவதில்லை. அவற்றைப் படமாக்கும் முயற்சியில் தமிழகத்தின் பங்கும் உண்டு: சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் பேராசிரியராக இருந்த சங்கரன் சுப்பிரமணியன், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் முரளி கிருஷ்ணாவுடன் சேர்ந்து, எம்.ஆர்.ஐ.க்கு உறவான எலக்ட்ரான் ஒத்ததிர்வு முறையில் உயிருள்ள சுண்டெலிகளைப் படமெடுக்கும் கருவிகளை உருவாக்கினார். அக்குழு கட்டியின் ஆக்சிஜன் வரைபடத்தை எம்.ஆர்.ஐ. காட்டும் உடலமைப்பின்மேல் பொருத்திப் பார்த்தது.

இந்தியாவில் இத்தகைய சோதனைகளை, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியக் குழு மேற்பார்க்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும் அனுமதிக்க வேண்டும். எனினும் எலியில் கண்ட முடிவு மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது: ஆய்வுக்கூடச் சுண்டெலிகள் பலவும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவை. அவற்றில் ஊன்றிய மனிதக் கட்டி சில வாரங்களில் பெருத்துவிடும், மனிதரிடத்திலோ அது பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்ததாக இருக்கலாம். ஆகவே எலியில் புற்று மறைந்தது என்ற செய்தியைப் படிப்பவர், அம்மருந்து மனிதரிடம் சோதிக்கப்பட்டதா என்று மருத்துவரைக் கேட்டறிய வேண்டுமே தவிர, அதை நம்பி நடந்துவரும் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது.