குதிரைக் குட்டியின் கோணல் கால்: எத்தனை நாள் காத்திருக்கலாம்?

ராஜஸ்தானின் புஷ்கர் சந்தை கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும். மார்ச்சில் பிறந்த ஒரு மார்வாரி குட்டி அங்கே விற்பனைக்கு நிற்கிறது, அதன் கணு மூட்டு கோணலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "வளர வளர சரியாகிடும்" என்று விற்பவர் சொல்வார். அந்த மூட்டுக்கான கெடு கோடையிலேயே முடிந்துவிட்டது என்பதுதான் சிக்கல்.

நீள எலும்புகளின் முனைக்கு அருகே குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். அதுதான் வளர்ச்சித் தட்டு. எக்ஸ்-ரேயில் கருப்புக் கோடாகத் தெரியும். எலும்பு நீள்வது இங்கேதான். நம்ம வீட்டுக் குழந்தைகளுக்கும் இதே ஏற்பாடுதான், ஆனால் அவர்களுக்குப் பதின்பருவம் வரை நேரம் இருக்கிறது. குதிரைக்கு அவசரம். பிறந்த ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும் குட்டி, 6 மாதத்தில் தன் முழு உயரத்தில் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

தட்டின் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வளர்ந்தால் கால் கோணும். பிறந்த குட்டியின் முன்னங்கால் முட்டிக்குக் கீழே லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். மார்பு அகலமாக ஆக, அது தானாக நேராகும். குறைமாதக் குட்டி என்றால் கதை வேறு. முட்டியின் சின்ன எலும்புகள் இன்னும் குருத்தாகவே இருக்கும், ஓட விட்டால் நசுங்கிவிடும். அதனால் முதலில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

எல்லா மூட்டுக்கும் ஒரே காலக்கெடு கிடையாது. குளம்புக்கு மேலே உள்ள கணு மூட்டின் தட்டு முதல் 3 மாதங்களுக்குள் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிடும். அங்கே அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் இரண்டு மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள தட்டு தாராளம், ஒரு வயதை நெருங்கும்வரைகூட வாய்ப்பு தரும்.

சிகிச்சையின் தர்க்கம் எளிது. வேகமாக வளரும் பக்கத்தில் தட்டின் குறுக்கே ஒரு திருகாணி போட்டு அதை நிறுத்தி வைப்பார்கள், மறுபக்கம் எட்டிப் பிடிக்கும். கால் நேரானதும் திருகாணியை உடனே கழற்ற வேண்டும். மறந்தால் கால் எதிர்ப்பக்கம் கோணிவிடும்!

இன்னொரு பிரச்சனை, நாமே வரவழைப்பது. 4 மாதத்துக்கு மேல் சில குட்டிகளின் கணு மூட்டு உடுக்கை வடிவத்தில் வீங்கும், தொட்டால் வலிக்கும். அது வளர்ச்சித் தட்டின் அழற்சி. சந்தைக்குப் பளபளன்னு கொழுக்க வைக்கும் தீவனம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். வளரும் எலும்புக்குத் தேவை நேரெதிர். தானியத்தைக் குறைத்து, தாது உப்புகளைச் சரிசெய்து, குளம்பைச் சமமாகச் சீவி, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடும்.

கோணலுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. பிறந்த வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குட்டியைச் சமதரையில் நிறுத்தி நேர் முன்னாலிருந்து போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தாலே போதும். கோணல் குறைகிறதா, கூடுகிறதா என்று தெரிந்துவிடும். கூடினால் அந்த வாரமே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.